ஏனாதிநாத நாயனாரும் படைத்தலைவர் ஒழுக்கமும்

(தெமட்டகொடையிலே சைவ உபாத்தியாயர் கூட்டமொன்றிற் செய்த பிரசங்கம்)



ஏனாதி என்பது பண்டைத் தமிழ்வேந்தர் தம் படைத்தலைவர்க்கு மோதிரத்தோடு வழங்கிய பட்டம். அப்பெயர் பூண்ட நாயனார் சோழநாட்டு எயினனூரிலே வாள்வித்தை பயிற்றி, அதனால் வந்த ஊதியத்தைச் சிவனடியார்க்கே வழங்கி வாழ்ந்தவர். ஆதலின், படைத்தலைவரும் உபாத்தியாயரும் ஒருங்கே தம்மவர் என்று உரிமை கொண்டாடத்தக்கவர்.

சேக்கிழார் சுவாமிகள் அருளிய சரிதம் நீங்கள் அறிந்ததே. அதே தொழிலுடைய அதிசூரன், தன் ஊதியம் குறையக் கண்டு அழுக்காறு மிக்கு, படை திரட்டி வந்து பொருது, தோற்றோடினான். பின்னர், இருபக்கத்தாரும் வீணே மடியாமல் நாமிருவரும் மாத்திரம் வைகறையிலே வேறோரிடத்திற் பொருவோம் என்று சொல்லி அனுப்பினான். நாயனார் இசைந்து, தம்மவர்க்கும் அறிவியாது தனியே சென்றார். ஒருநாளும் நீறணியாத அவன் அன்று நெற்றி நிறையப் பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்து, அணுகியபோது கேடகத்தை விலக்கினான். வெண்ணீறு கண்ட நாயனார் அவன் கருத்தே முற்றுக என்று நின்றார். அவன் கருத்து முற்றிற்று.

இதனைக் கேட்ட மாணாக்கர், "ஐயா, அவர் ஏமாந்தாரல்லவா? இப்படிப்பட்டவர் எப்படித் தளபதியாவார்?" என்று வினவுவர். இவ்வினாவை அதட்டி அடக்கும் உபாத்தியாயரும் எம்முள் உளர். 1983 முதல் 2009 வரை இத்தீவை எரித்த யுத்தத்தின் கதைகளை வீட்டிலே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு வினாவன்று. அதற்கு விடை கூறுதல் எம் கடன்.

போர் இரண்டு நிகழ்ந்தன என்பதை உற்றுநோக்குக. முதற்போரிலே நாயனாரை நம்பி அவர் மாணாக்கரும் சுற்றத்தாரும் பக்கத்தே நின்றனர். அங்கே அவர் எட்டுணையும் விட்டுக்கொடுத்திலர். பகைவன் புறங்காட்டும்வரை பொருதார். இரண்டாவது போரிலே அவர் பக்கத்தில் ஒருவருமிலர். அங்கே கொடுக்கப்பட்டது அவருடைய உயிர் ஒன்றே. தம் கொள்கைக்காகத் தம்முயிரைக் கொடுக்கத் தலைவர்க்கு உரிமையுண்டு. தம்மை நம்பி நின்றோர் உயிரைக் கொடுக்க உரிமையில்லை. முதற்போரிலேயே அந்நீறு தோன்றியிருந்தால் என் செய்திருப்பார் என்று கெட்டிக்கார மாணவன் ஒருவன் கேட்பான். புராணம் அதனைக் கூறவில்லை. யாமும் கூறத் துணியோம்.

இதற்கு மறுதலையான கதையொன்றை யாம் இளமையிலே மிசன் பாடசாலையிற் கற்றோம். தாவீது அரசன் தன் போர்வீரனாகிய உரியாவின் மனைவியை இச்சித்து, அவனைப் போர்முனையில் நிறுத்திவிட்டுப் பின்வாங்கும்படி யோவாபுக்குக் கடிதம் எழுதி, அக்கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். உரியாவோடு வேறு வீரரும் மாண்டனர். விவிலியம் அதனை மறைக்கவில்லை; நாத்தான் தீர்க்கதரிசி அரசனை முகத்துக்கு நேரே கண்டித்தமையையும் கூறுகின்றது. நன்மை எங்கிருப்பினும் கொள்ளத்தக்கது. இனி, வாதாபியை வென்று மீண்ட பரஞ்சோதியார் சிவனடியார் என்று அறிந்த மன்னன், அவரைப் போருக்கு ஏவியது தன் பிழையென்று பொறுத்தருள வேண்டினான் என்பது சிறுத்தொண்டர் சரிதம். அம்மன்னன் 642 ஆம் ஆண்டிலே வாதாபியை அழித்த முதலாம் நரசிங்கவர்மன் என்பர் சரித்திர ஆசிரியர். சேனாபதியிடம் மன்னிப்புக் கேட்ட அரசனையும், சேவகனைக் கொல்வித்த அரசனையும் ஒரே பாடத்தில் அருகருகே வைத்துக் கற்பித்தல் நன்று.

நாயனார் செய்த மற்றொரு செயல் இதனினும் நுண்ணியது. நீறு கண்டவுடன் வாளையும் கேடகத்தையும் எறிந்துவிட எண்ணினார், ஆயினும் எறிந்திலர். நிராயுதனைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சேரலாகாது என்று, பொருவார் போலவே அவற்றைப் பற்றி நின்றார். தம்மைக் கொல்ல வந்தவனுடைய மானத்தையும் காத்த இச்செயலை எண்ணுந்தோறும் எமக்கு நா எழுவதில்லை. ஆயுதம் கீழே வைத்தாரைக் கொல்லலாகாது என்று 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் விதித்தன. விதி பகைவன் உயிரைக் காக்கும்; அவன் பெயரைக் காத்தல் விதிக்கு அப்பாற்பட்டது.

இத்தீவிலும் இதனோடு வைத்து எண்ணத்தக்க செய்தி உண்டு. எல்லாளனைத் தானன்றிப் பிறர் கொல்லலாகாது என்று துட்டகைமுனு பறையறைவித்து, அநுராதபுரத்துத் தெற்கு வாயிலருகே தானே எதிர்த்து வென்றான். பின் வீழ்ந்தவனுக்கு ஈமக்கடன் செய்வித்து, நினைவுச்சின்னம் எடுத்து, அதற்கு வழிபாடும் விதித்தான் என மகாவமிசம் கூறுகின்றது. பிற்காலத்து அரசரும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியம் நிறுத்தினர் என்றும் அந்நூல் கூறும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு எல்லாளன் நீதியை மாத்திரம் சொல்லி, வென்றவன் செய்த இம்மரியாதையை விட்டுவிடுதல் அரைப்பாடமேயாம். சிங்களப் பாடசாலைகளில் அதன் மற்றைப் பாதி விடுபடுமாயின், அதனை அவ்விடத்து உபாத்தியாயர் பார்த்துக்கொள்வர்.

எம் மாணாக்கருள் வாளேந்துவார் இலர். ஆயினும் சட்டாம்பிள்ளையாவார் உளர். விளையாட்டுக் குழுவுக்குத் தலைவராவார் உளர். மாணவர் படையிற் சேர்வாரும் உளர். தன் வீறாப்புக்காக வகுப்பு முழுவதற்கும் தண்டனை வாங்கித் தருகின்ற சட்டாம்பிள்ளையை நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். நாயனார் குருபூசை புரட்டாதி உத்தராடத்தில் வருகின்றது. அன்று நீண்ட பிரசங்கம் வேண்டா. கதையைச் சொல்லி, அவர் கேடகத்தை ஏன் கீழே வைக்கவில்லை என்று மாத்திரம் கேளுங்கள். விடைக்கு அவசரப்படாதீர்கள், சிலர் மறுநாளே கொண்டுவருவர்.