பழைய மாணவரும் பட்ட கடனும்

பட்டமளிப்பு விழாவை அடுத்துப் பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்துவப் படிவம் புதிய பட்டதாரியின் கைக்கு வருகின்றது. அவர் அதில் ஒப்பமிடுவது எதன் பொருட்டு?

மூன்று விடைகள் கூறப்படுவதுண்டு. முதலாவது பயன். தொழில் தேடுங்காலத்தில் முன்னவரின் அறிமுகம் உதவும். இதில் இழிவு ஏதுமில்லை. எனினும் பயன் கருதிச் சேர்ந்தவர் பயன் தீர்ந்ததும் விலகிவிடுவர். இரண்டாவது பற்று. விடுதி வாழ்வும் நட்பும் எளிதில் மறக்கற்பாலன அல்ல. ஆயின் பற்று சென்ற காலத்தையே நோக்குவது. ஆண்டுக்கொரு விருந்தோடு அது நிறைவெய்திவிடும். மூன்றாவது நன்றி. செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். கற்பித்த கழகத்துக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே சேர்வதாகக் கூறுவோரின் விடை ஏனையவற்றிலும் உயர்ந்ததாகவே தோன்றும்.

ஆனால், அக்கடனைக் கொடுத்தவர் யாவர்? இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வித் திட்டம் பல்கலைக்கழகம் வரை விரிந்தது. இலவசம் என்பதற்கு விலையற்றது என்பது பொருளன்று. விலையைப் பிறர் செலுத்தினர் என்பதே பொருள். அரசின் வருவாயில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை நெடுங்காலம் முக்கிய இடம் வகித்தது. அத்தேயிலையைக் கொய்தோரின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேதான். கல்விக்குப் பொருள் ஈட்டியோரே அக்கல்வியின் வாயிலை இறுதியாக அடைந்தனர்.

அவர்கள் மனமுவந்து கொடுக்கவில்லை, பட்டதாரியும் கேட்டுப் பெறவில்லை, எனவே கடன் ஏது என வினவலாம். ஒப்பந்தத்தாற் பிறக்கும் கடனுக்கே இவ்வாதம் பொருந்தும். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே ஆண்டுதோறும் இடம் கிடைக்கின்றது. ஒருவர் பெற்ற இடம் இன்னொருவர் பெறாத இடமாகும். இவ்வுண்மையை அறிந்த அளவிலேயே பொறுப்பும் பிறந்துவிடுகின்றது.

ஆகவே, நன்றியைக் கழகத்தின் மதிலுக்குள்ளேயே செலுத்தி முடிப்பது முகவரி தவறிய செயலாகும். முன்மண்டபத்துக்கு ஒரு கடிகாரமும் சுவரில் ஒரு பெயர்ப்பலகையும் வழங்கும் சங்கம் பழைய மாணவருக்கே பணிபுரிகின்றது. விடுதிச் செலவுக்கு வழியின்றிப் படிப்பை இடைநிறுத்த எண்ணும் முதலாண்டு மாணவிக்குக் கைகொடுக்கும் சங்கமோ உரிய இடத்திற் கடனைச் செலுத்துகின்றது. அன்று கொழுந்து கொய்தோரிற் பலர் இன்றில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். படிவத்தில் ஒப்பமிடும் பட்டதாரி நினைக்கவேண்டியது அவர்களையே.