குறையா, தழும்பா?



சித்திரை வெயிலில் கோவில்பட்டிச் சந்தைக்குத் தண்ணீர்ப் பானை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பானையைத் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறீர்கள். கணீரென்று சத்தம் கேட்கிறது, கீறல் இல்லை. ஆனால் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. “கருகிப்போன பானைக்கு இந்த விலையா? பத்து ரூபாய் குறைத்துக்கொள்” என்கிறீர்கள். விற்கிற அம்மாளும் வேறு வழியின்றிக் குறைத்துக் கொடுக்கிறாள். நீங்கள் கேட்டது நியாயமா? இதைச் சற்று விசாரிப்போம்.

ஜப்பான் தேசத்தில் பிசென் என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே பூச்சாடிகளுக்குக் கண்ணாடிப் பூச்சு எதுவும் பூசுவதில்லை. பத்து நாளுக்கு மேலாக இரவும் பகலும் விறகு எரித்து, ஏறக்குறைய 1,200 டிகிரி சூட்டில் மண்ணைக் கல்போல் ஆக்குகிறார்கள். பறக்கும் சாம்பல் சாடியின் தோளில் படிந்து உருகுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாதபடி சுற்றிய வைக்கோல், செந்நிறக் கோடுகளாகத் தழும்பு விடுகிறது. அந்தத் தழும்புக்கே அங்கே விலை. இந்தக் கைத்திறனுக்காக 1956-இல் கனேஷிகே டோயோ என்ற குயவரை அந்நாட்டு அரசு தேசத்தின் பொக்கிஷமாகக் கௌரவித்தது. பிசெனில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மண்பாண்டச் சாலையை நிறுவினார். அங்கே பயின்ற பலர் இன்று கலைஞர்கள் என்று பெயர் பெற்றிருக்கிறார்கள்.

நம் குயவரோ கண்மாய் மண்ணை மிதித்துப் பிசைந்து, திகிரியில் வனைந்து, பலகையால் தட்டி உருவாக்குகிறார். நம் கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பானைக்கு ஆகாது. சூளையில் அவரும் வைக்கோல்தான் மூடுகிறார். புகை நின்ற இடத்தில் கறுப்புத் திட்டு விழுகிறது. அங்கே நெருப்பின் கையெழுத்து அழகு. இங்கே அதுவே தள்ளுபடிக்குக் காரணம்!

“பத்து நாள் சூளையும் இரண்டு நாள் சூளையும் ஒன்றாகுமா? அபூர்வமானதற்கு விலை கூடத்தானே செய்யும்?” என்று கேட்பீர்கள். வாஸ்தவம். இரண்டுக்கும் ஒரே கிரயம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பிசென் சாடிகளும் ஆதியில் குடியானவன் விதையும் தண்ணீரும் வைத்த சாதாரணச் சாடிகளே. 16-ஆம் நூற்றாண்டில் சென் ரிக்யூ போன்ற தேநீர் ஆசான்கள் அத்தகைய முரட்டுப் பாண்டங்களை எடுத்துத் தங்கள் சபையில் வைத்தார்கள். சாடி மாறவில்லை, பார்த்த கண் மாறியது.

நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிய தாழிகளை நினைத்துப் பாருங்கள். வனைந்தவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அந்தத் தாழிகளை அதிசயமாகப் பார்க்கிறோம். செத்துப்போன குயவனுக்குக் கொடுக்கும் மரியாதையை, சந்தையில் வெயில் காய்ந்து உட்கார்ந்திருக்கும் குயவனுக்குக் கொடுக்க ஏன் மனம் வருவதில்லை?

ஆகவே, குறை வேறு, தழும்பு வேறு. கீறல் குறை; பானை ஒழுகும். அதைத் தட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை. திட்டு தழும்பு, வேலை நடந்ததற்கு அது அடையாளம். அந்தத் திட்டோடுதான் பானை நீரைக் கசியவிட்டு, காற்றில் ஆறி, உங்கள் தாகத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் தருகிறது. தழும்பைக் குறையென்று சொல்லி விலையைக் குறைப்பது, பிறனுடைய பிரயாசையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக்கொள்வதேயாகும்.

இது பானையோடு நிற்பதில்லை. கரிசல் வெயிலில் களையெடுத்துக் கறுத்த முகத்தை, தீப்பெட்டி ஒட்டிக் காய்த்துப்போன விரலை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்? பெண் பார்க்கப் போன வீட்டில் “நிறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதுவும் அதே தள்ளுபடிதான்.

அடுத்த முறை பானையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கேட்ட விலையைக் கொடுங்கள். வனைந்தவர் பெயரையும் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.