ஊருக்கு வெளியே நின்ற அன்பு

கலிலேயா நாட்டில் இயேசு பெருமான் ஊர் ஊராகச் சென்று உபதேசித்து வந்த நாட்களில், தொழுநோயாளி ஒருவன் அவர்முன் வந்து மண்டியிட்டான். அவன் அவ்வளவு நெருங்கி வந்ததே அந்நாளைய வழக்கப்படி குற்றம். மோசேயின் சட்டப்படி, அந்நோய் உள்ளவன் கிழிந்த ஆடை உடுத்தி, தான் தீட்டுள்ளவன் என்று தன் வாயாலேயே கூவிப் பிறரை எச்சரிக்க வேண்டும். குடியிருப்புக்கு வெளியே தனித்து வாழ வேண்டும். இயேசு மனம் வைத்தால் தன்னைத் தூய்மையாக்க இயலும் என்பது மட்டுமே அவனது விண்ணப்பம்.

மாற்கு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே இந்நிகழ்ச்சியைக் கூறுகிறார். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, இயேசு கை நீட்டி அவனைத் தொட்டார். அதன் பின்னரே நோய் நீங்கியது. தொலைவிலிருந்தே ஒரு சொல்லால் குணமாக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. நூற்றுவர் தலைவனின் பணியாளனை அவர் அவ்வாறே குணமாக்கினார். ஆயினும் எவரும் தீண்டாத இம்மனிதனை, நோய் இருக்கும்போதே தொட்டார்.

இரண்டாவது, நிகழ்ச்சியின் முடிவு. குணமடைந்தவன், யாரிடமும் கூற வேண்டாம் என்ற கட்டளையையும் மீறி, செய்தியை எங்கும் பரப்பினான். அதனால் இயேசு வெளிப்படையாக எந்த ஊருக்குள்ளும் நுழைய முடியாமல், வெளியே ஆளரவமற்ற இடங்களில் தங்க நேர்ந்தது. வெளியே இருந்தவன் ஊருக்குள் சென்றான். உள்ளே செல்ல வேண்டியவர் வெளியே நின்றார். இருவரும் இடம் மாறிக்கொண்டனர்.

கிறிஸ்தவ சமயம் போற்றும் இறையன்பின் முழு வரலாறும் இந்த இடமாற்றத்தில் அடங்கியுள்ளது. எருசலேமின் நகர வாயிலுக்கு வெளியே நாட்டப்பட்ட சிலுவை அதன் நிறைவு.

இறங்கி வந்த இறைவன்

சிறையிலிருந்து பிலிப்பி நகரத்துச் சபைக்குக் கடிதம் எழுதிய தூய பவுல், இவ்வுண்மையைத் தத்துவமாக விளக்குகிறார். கிறிஸ்து இறைத்தன்மை உடையவராயிருந்தும் அந்த உயர்வை விடாமல் பற்றிக்கொள்ளவில்லை. தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் நிலையை ஏற்று, சிலுவைச் சாவு மட்டும் தாழ்ந்தார் என்பது அவர் தரும் விளக்கம். பவுல் கூறும் வரிசையைச் சிந்திக்க வேண்டும். மனிதனாக இறங்கி வந்தது முதல் தியாகம். சிலுவை அதன் கனி. கல்வாரியில் சிந்திய இரத்தத்திற்கு முன்பே, பெத்லகேமின் தீவனத் தொட்டியில் தியாகம் தொடங்கிவிட்டது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. அன்பே உருவான கடவுள் தம் மகனின் உயிரைப் பலியாகக் கேட்பாரா? கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர் என்று கொள்வதால் எழும் ஐயம் இது. கடவுளே கிறிஸ்துவில் இருந்து உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் மற்றொரு கடிதத்தில் போதிக்கிறார். அவ்வாறெனில், கொடுத்தவரும் அவரே, கொடுக்கப்பட்டவரும் அவரே. ஆபிரகாம் தன் மகனைப் பலியிட ஓங்கிய கையைத் தடுத்த இறைவன், மனிதரிடம் கேட்காததைத் தாமே அளித்தார்.

அத்தியாகம் துன்பத்தை நாடிச் சென்றதும் அன்று. கெத்சமனித் தோட்டத்தில், துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு இயேசு வேண்டினார். அன்பு வலியை விரும்புவதில்லை. வலி வரும் என்பதற்காக, நேசிப்பவரை விட்டு அகலுவதும் இல்லை.

'நாம்' என்ற சொல்

இவ்வன்பு ஒரு மனித வாழ்வில் எவ்வாறு பிரதிபலிக்கும் என்பதற்கு அருட்தந்தை தமியான் சான்று. பெல்ஜியம் நாட்டில் 1840-இல் பிறந்த இவர், 1864-இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று குருவானார். அங்கே 1865-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தொழுநோயாளர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மொலோக்காய்த் தீவில் ஒரு முனைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறம் கடல்; நான்காம் புறம் செங்குத்தான மலை. அந்நாளில் நோய்க்கு மருந்தும் இல்லை.

தமியான் 1873 மே மாதம் அங்கு சென்றார். முதல் சில இரவுகளை ஒரு தாழை மரத்தடியில் கழித்தார். நோயாளர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார், அவர்களது கலத்திலிருந்தே உண்டார், வீடுகள் கட்டினார், குடிநீர் வரச் செய்தார், இறந்தோருக்குப் பெட்டி செய்து, குழியும் தோண்டினார். சென்ற சில மாதங்களிலேயே, தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றைக் குறிப்பிட்டார்: பிரசங்கத்தில் அம்மக்களைச் 'சகோதரர்களே' என்று விளிக்காமல், 'தொழுநோயாளர்களாகிய நாம்' என்றே அவர் பேசி வந்தார்.

அவருக்கு நோய் உறுதியானது ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் கழித்து, 1884-இன் இறுதியில். நோய் பின்னர் வந்தது. 'நாம்' என்ற சொல் முன்னரே வந்துவிட்டது. 1889 ஏப்ரல் 15 அன்று, தமது நாற்பத்தொன்பதாம் வயதில், அம்மக்களிடையே அவர் உயிர் நீத்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சாதகனுக்கு உரியது

எல்லோரும் மொலோக்காய்க்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு இல்லத்திலும் ஊரிலும் வெளியே நிறுத்தப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். படுக்கையில் கிடக்கும் முதியவர், மனநோயால் அவதிப்படுபவர், தவறு செய்து திரும்பி வந்த மகன், பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு. அவர்களுக்குப் பொருள் அனுப்புவது எளிது. அருகில் சென்று அமர்வது கடினம்; ஏனெனில் அங்கே தன் நற்பெயரையும், நேரத்தையும், 'நான் வேறு' என்ற எண்ணத்தையும் இழக்க நேரும்.

அந்த இழப்பே தியாகத்தின் தொடக்கம். 'அவர்கள்' என்று சொல்லிப் பழகிய நாவு உண்மையாக 'நாம்' என்று சொல்லும் நாளில், கலிலேயாவில் நீண்ட அந்தக் கரம் மீண்டும் ஒருவரைத் தொடுகிறது.