திறமை இருந்தும் போண்டி

சீட்டாட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு இந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ரம்மியில் திறமைதான் மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. தமிழ்நாடு அரசு 2021-ல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, புதுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது என்று ஒரு சுற்று. 2023 நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்குத் தடை பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டமே கூடாது என்று சட்டம் போட்டுக் கடையையே மூடிவிட்டது.

கடை திறந்திருந்த காலத்தில் என் அக்கா மகன் போக்கர் ஆடினான். மணலி பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை, ராத்திரியில் போன். குருட்டாம்போக்கில் ஆடுகிறவன் இல்லை. ஒவ்வொரு நாள் ஆட்டத்தையும் எழுதி வைத்திருந்தான். மொத்தத்தில் லாபத்தில்தான் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் சித்தப்பா வீட்டில் அந்தக் கணக்கைக் காட்டி, கிடங்கு வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர். சூது தப்பு, குடி கெடும் என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. "டேய், நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கறேன். எத்தினி தபா வெறும் பெட்டியோட திரும்பி வந்தா நீ தாங்குவ, அத்த சொல்லு" என்றார்.

"தாத்தா, சராசரி லாபம்தான் முக்கியம்" என்றான் இவன்.

"சராசரி டீசலுக்குக் காசு குடுக்காதுடா."

பையன் சிரித்துவிட்டான். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக்கரில் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஆட்டக்காரர்களே நிறைய எழுதி வைத்திருப்பதால் இதற்கு ராமானுஜன் தேவையில்லை. மேசையின் அடிப்படைப் பந்தயம் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஆடுகிறவன் நூறு கைக்கு, அதாவது நூறு முறை சீட்டுப் போட்டு ஆடினால், சராசரியாக 50 ரூபாய் பார்ப்பான். ஆனால் அதே நூறு கையில் சீட்டு விழும் வாகைப் பொறுத்து மேலும் கீழும் 900 ரூபாய் அளவுக்கு ஆடும். வரவு 50, ஆட்டம் 900. இப்படிப் பத்தாயிரம் கை ஆடினால் 5,000 ரூபாய் லாபம் நிற்க வேண்டும். தினம் ராத்திரி இரண்டரை மணி நேரம் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. அவ்வளவுக்குப் பிறகும் அந்த நல்ல ஆட்டக்காரன் நஷ்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு பத்தில் மூன்று. இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்து, தப்பே செய்யாமல், கைப்பணத்தை இழந்து நிற்பான்.

அடுத்தது கையிருப்பு. அவன் 20,000 ரூபாயோடு இறங்குகிறான், லாபத்தைத் தொடாமல் அதே மேசையில் ஆடிக்கொண்டே போகிறான் என்றால், என்றாவது ஒருநாள் மொத்தமும் போய் எழுந்திருக்கும் ஆட்கள் நூற்றுக்கு எட்டு ஒன்பது பேர். 40,000 வைத்திருந்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாது. இதுவரை பரவாயில்லை. ஆனால் வேலையை விட்டவன் வீட்டுக்குக் காசு தர வேண்டுமே! சராசரியாக வரும் 50-ல் 30 ரூபாயை அரிசி, வாடகை, பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொண்டு 20-ஐ மட்டும் ஆட்டத்தில் விடுகிறான் என்று வையுங்கள். அதே ஆள், அதே திறமை, அதே 20,000. இப்போது போண்டியாகிறவர்கள் நூற்றுக்கு 37 பேர்.

நான் இந்த எண்ணைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அடுப்பு எரிகிறது என்ற ஒரே காரணத்தால் திறமைசாலியின் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

சித்தப்பா இந்த எண்ணைக் காகிதத்தில் போட்டவர் இல்லை; ஆனால் தெரிந்தவர். படகு பல நாள் தங்கிப் பிடிக்கப் போகும்போது டீசல், ஐஸ், அரிசி, ஆட்களுக்குப் பேட்டா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்ட வேண்டும். மீன்பாடு எப்படி என்பது திரும்பி வந்தபிறகுதான் தெரியும். வஞ்சிரமும் இறாலும் வந்தால் ஒரே நடையில் மூன்று நடைச் செலவு எடுத்துவிடலாம். வெறும் சங்கராவும் கழிவு மீனுமாக வந்தால் டீசல் காசுகூடத் தேறாது. செலவு போக மிச்சத்தில்தான் பங்கு. அது படகுக்குப் படகு மாறும். மிச்சம் இல்லையென்றால் பங்கும் இல்லை. காசிமேட்டில் ஒரு டிரைவரைப் பற்றிப் பேசும்போது அவர் கடலைத் தெரிந்தவரா என்று முதலில் கேட்பார்கள். படகு வைத்திருப்பவரைப் பற்றிக் கேட்கும் கேள்வியே வேறு: கையில் இருக்கா?

சித்தப்பாவின் மனைவி, அதாவது எங்கள் சின்னம்மா, இரண்டு டப்பா வைத்திருந்தார். ஒன்று படகுக் காசு, ஒன்று வீட்டுக் காசு. நல்ல நடை வந்த அன்று வீட்டு டப்பாவுக்கு அதிகம் போகாது. மோசமான நடையன்று படகு டப்பாவில் கை வைக்கவும் விடமாட்டார். இரண்டும் காலியாகும் நாளுக்கு அவர் கழுத்தில் சங்கிலி இருந்தது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். 2017-லிருந்து 61 நாள். மே மாதக் கடைசியில் இன்ஜின் வேலை, வலை வேலை எல்லாம் சேரும்போது அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். ஜூன் 14-க்குப் பிறகு கடல் நன்றாகக் கொடுத்தால் ஆடிக்குள் திரும்பி வரும். கொடுக்காத வருஷம் தீபாவளிக்கும் வராது. நகை ஆசை என்று ஊர் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் கட்சி.

கழுத்தில் ஒன்றும் இல்லாதவர்கள் ஏலம் விடும் கமிஷன்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கினால் மீனை அவரிடமேதான் போட வேண்டும். அவருடைய கமிஷன் விற்ற தொகையில். படகுக்கு லாபமா நஷ்டமா என்பது அவர் பாடு இல்லை. போக்கர் ஆப்பும் இப்படித்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்தின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டியும், அதற்கு முன்பே நிகர வெற்றியில் 30 சதவீத வரிப் பிடித்தமும் சேர்ந்தன. நூறு கைக்கு 50 ரூபாய் பார்க்கிறவனிடம் இத்தனை பேர் கை நீட்டினால் மிஞ்சுவது என்ன? என் அக்கா மகன் கிடங்கு வேலையை விடவில்லை. தாத்தா பேச்சைக் கேட்டா, வரியைப் பார்த்தா என்று நான் கேட்கவில்லை.

சீட்டையும் மீன்பிடியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சீட்டு மேசையில் ஒருவன் பையிலிருந்து போவதுதான் இன்னொருவன் பைக்கு வருகிறது, நடுவில் கடைக்காரனுக்குப் போனது போக. கடலிலிருந்து மீன் வருகிறது, ஊர் சாப்பிடுகிறது. அந்தக் கடையை மூடியதில் எனக்கு வருத்தமில்லை. கடல் தொழிலை அப்படி மூட முடியாது; மீனவருக்குத் தாங்கும் சக்தி கொடுப்பதுதான் அரசின் வேலையாக இருக்க முடியும். சின்னம்மாவின் டப்பாவைப் போல ஒரு திட்டமும் இருக்கிறது: மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுகள் 3,000 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500-ஆகத் திருப்பித் தருகின்றன. யோசனை சரியானது. தொகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

போக்கர்காரனை உண்மையில் தூங்கவிடாத கேள்வி வேறொன்று. தொடர்ந்து தோற்கும்போது, சீட்டுதான் சரியில்லையா, இல்லை என் ஆட்டமே கெட்டுவிட்டதா? சில ஆயிரம் கைகளை வைத்து அவனால் சொல்ல முடியாது. இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

எண்ணூரில் இந்தக் கேள்வி தினமும் எழுகிறது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், சின்ன வலை போடுபவர்கள். இறால் குறைந்தால் இந்த வருஷம் வரத்து கம்மி, கூடும் குறையும் என்று அதிகாரிகள் சொல்லலாம். அதே கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் என்று எல்லாம் கறுத்தது. நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவித்தார்கள்.

ஒரு மோசமான மாதத்தைத் தாண்ட அந்தப் பணம் உதவும். ஆற்றின் சராசரியே இறங்கிவிட்டிருந்தால் எந்த டப்பாவும் எந்தச் சங்கிலியும் போதாது, ஒருமுறை கொடுக்கும் எந்தத் தொகையும் போதாது. இறங்கியிருக்கிறதா என்று அறிய ஒரே வழி, எண்ணூர்க் கழிமுகத்தில் மாதாமாதம் எவ்வளவு இறால், எவ்வளவு நண்டு, எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று ஊர்வாரியாக வருஷக்கணக்கில் எழுதி வைப்பது. மீன்வளத் துறை அதைச் செய்து, அந்த மீனவர்கள் படிக்கும்படி தமிழில் ஊர் நோட்டீஸ் பலகையில் ஒட்டட்டும்.