லைலா எப்போது வளர்வாள்?

'இது என்ன கன்னித்தீவா?' என்று கேட்டால் தமிழில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. முடியவே முடியாத எதற்கும் அதுதான் பெயர். வெளிநாட்டுப் படக்கதை நாயகர்கள் அவரவர் வசனத்தால் நினைவில் நிற்கிறார்கள். ஸ்பைடர்மேன் என்றால் பெரும் சக்தியோடு வரும் பெரும் பொறுப்பு. நம் சிந்துபாத் பேசிய வாக்கியம் ஒன்றுகூட மக்கள் வாயில் நிற்கவில்லை. அவன் கதை முடியவில்லை என்பது மட்டும் பழமொழி ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டத்துக் காயாமொழிக்காரர் சி. பா. ஆதித்தனார் 1942-ல் தொடங்கிய தினத்தந்தியில், 1960-ல் 'கன்னித்தீவு' வரத் தொடங்கியது. நாளுக்குச் சில கட்டப் படங்கள், அவ்வளவுதான். இருபதாயிரம் நாட்களைத் தாண்டியும் ஓடியது. மூலக்கதை எளிது. மூசா என்கிற மந்திரவாதி இளவரசி லைலாவைப் பொம்மையளவுக்குச் சுருக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர சிந்துபாத் கிளம்புகிறான். வழியில் பூதம், அரக்கன், புதுத்தீவு, புதுச்சண்டை எனக் கிளைக்கதைகள் பெருகின. கதை நீள்கிறது என்று சிரித்தோம். அது நீளும்வரை ஒரு பெண் உள்ளங்கை அளவிலேயே இருக்க வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

புதியம்புத்தூரில் இந்தச் சொல்லை நான் அதிகம் கேட்பது தையல் மெஷின்களுக்கு நடுவில். மானாவாரிக் கரிசல் காட்டுக்கு மத்தியில் ஆயத்த ஆடை தைத்துப் பிழைக்கும் ஊர் இது. 'குட்டித் திருப்பூர்' என்பார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கட்டு முடிந்தால் அடுத்த கட்டு வந்து விழும்.

"முடிஞ்சுதா மதினி?"

"எங்க முடியுது, கன்னித்தீவுதான்."

அதே மதினி வீட்டுக்குப் போய் அடுப்பையும் பாத்திரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் பார்த்துவிட்டு அதே சொல்லைச் சொல்வார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தைத்த துணிக்கு எண்ணிக்கை உண்டு. கூலி குறைவென்றாலும் கணக்கு உண்டு. வீட்டு வேலைக்கு எண்ணிக்கையும் இல்லை, கணக்கும் இல்லை. இந்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

அப்படியானால் முடிவில்லாமைதான் குற்றமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசி தினமும் வருவதால் சமையலும் தினமும் வரும். குழந்தை வளர்ப்பிலும் நட்பிலும் படிப்பிலும் 'முடிந்தது' என்று கோடு போட முடியாது. முடியாமல் இருப்பதாலேயே ஒரு காரியம் அநியாயம் ஆகிவிடாது.

இங்கே இன்னொரு பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். சிந்துபாத் நமக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பின் வழியாக. அதில் அவன் ஏழு முறை கடலேறி, ஏழு முறையும் வீடு திரும்புகிறான். அந்த இரவுகளின் கதைசொல்லி ஷெஹரசாத். தினம் ஒரு பெண்ணை மணந்து விடியலில் கொன்றுவிடும் அரசனை அவள் தானே முன்வந்து மணக்கிறாள். ஒவ்வோர் இரவும் கதையைப் பாதியில் நிறுத்துகிறாள். மீதியைக் கேட்கும் ஆசையில் அவன் கொலையை ஒரு நாள் தள்ளிப்போடுகிறான். கதை முடியாமல் இருப்பதுதான் அவளுக்கு உயிர். அவளுக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களுக்கும்.

ஷெஹரசாத்தின் கதையும் முடியவில்லை. லைலாவின் கதையும் முடியவில்லை. முதலாமவள் கதையின் நூலைத் தன் கையில் வைத்திருக்கிறாள். இரண்டாமவளைக் கதை தன் கைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே 'ஏன் இன்னும் முடியவில்லை' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நாளைக்கு' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த நாளை வரும்வரை யார் சுருங்கிக் கிடப்பது என்று கேட்க வேண்டும்.

நீதிமன்ற வாசலில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நீதித்துறை நடுவர் முயல வேண்டும் என்கிறது. 'முயல' என்ற ஒரு சொல்லில் எத்தனை வாய்தாக்கள் நுழைந்துவிடுகின்றன! வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறுகிறவளும், வக்கீலை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவனும் ஒரே வழக்கில்தான் இருக்கிறார்கள். ஆனால் காலம் இருவருக்கும் ஒன்றாக ஓடுவதில்லை. 'கேஸ் கன்னித்தீவு மாதிரி போகுது' என்று பொதுவாகச் சொல்லும்போது அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. யாரும் இழுக்காமல் தானாகவே நீண்டதுபோல் ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய கன்னித்தீவும் உண்டு. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா முதன்முதலில் 1996-ல் மக்களவைக்கு வந்தது. நிறைவேறியது 2023-ல். இடையில் 27 ஆண்டுகள். நிறைவேறிய சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகிய இரண்டுக்கும் பிறகே நடைமுறைக்கு வரும் என்று தன்னைத் தானே தள்ளிவைத்தது. இத்தனை ஆண்டுகளில் பெண்களை உயர்த்தப்போவதாகச் சொல்லாத கட்சி எது?

இங்கேதான் சிந்துபாத்தை நான் சந்தேகிக்கிறேன். மூசா கெட்டவன் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். சிந்துபாத் நல்லவன், லைலாவுக்காகத்தான் அலைகிறான். ஆனால் லைலா வளர்ந்துவிட்டால் அவனுடைய பயணத்துக்குக் காரணம் தீர்ந்துவிடும். அவன் வீரனாக இருக்க வேண்டுமென்றால் அவள் பொம்மையாக இருக்க வேண்டும். அவனுக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்கத் தேவையில்லை. கதையின் அமைப்பே அவளைச் சிறிதாக வைத்துக்கொள்ளும். 'உனக்காகத்தான் எல்லாம் செய்கிறேன், கொஞ்சம் பொறு' என்று நம்மிடம் சொல்லும் அப்பாக்களிலும் அண்ணன்களிலும் தலைவர்களிலும் கெட்டவர்கள் குறைவுதான். அவர்களில் எத்தனை பேருக்கு நாம் பொறுத்திருப்பது வசதியாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழமொழியைக் கைவிடச் சொல்லவில்லை. அலுப்பைச் சிரிப்பாக மாற்றும் அந்தச் சொல் எங்கள் ஊர் மெஷின்களுக்கு நடுவே தேவையாகவே இருக்கிறது. அதன் பின்னால் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். அடுத்த முறை யாராவது 'கன்னித்தீவுதான்' என்றால், இதில் லைலா யார், இது முடிந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் அடுப்படியிலும் இருக்கலாம், கூலிக் கணக்கு நோட்டிலும் இருக்கலாம், டில்லியிலும் இருக்கலாம். பதில் தெரிந்த பிறகு பொறுத்திருப்பதா, நூலை நம் கைக்கு வாங்குவதா என்பதை நாமே முடிவு செய்வோம்.