எவரிடத்து நிலைபேறு?

ஒரு பொருளை ஒருவன் பயன்படுத்துகிறான். ஆயினும் அவன் செய்த மாற்றம் அதிற் பதிவதில்லை. அவ்வாறாயின் அப்பொருளோடு அவனுக்குள்ள உறவு யாது? இவ்வினா என்னுள் எழுந்தது மெய்யியல் விரிவுரையில் அன்று; அக்கரப்பத்தனையில் உயர்தரம் கற்ற காலத்தில், கணினி பயிலச் சென்ற ஓரிடத்திலாகும்.

அங்கிருந்த பத்து முனையங்களும் 'தின் கிளையன்ட்' என வழங்கப்படுபவை. திரை, சாவிப்பலகை, ஒரு சிறு பெட்டி ஆகியனவே அவற்றின் உடைமை. கணிக்கும் தொழில் தொலைவிலுள்ள சேவையகத்தில் நிகழும். முதல் வாரம் தமிழ்ச் சாவிப்பலகையைத் தெரிந்து, எழுத்தைச் சற்றே பெரிதாக்கினேன். மறுவாரம் ஆங்கிலமே மீண்டிருந்தது. பழுதென்று எண்ணினேன்.

பழுதன்று எனப் பின்னரே அறிந்தேன். நாம் செய்யும் மாற்றம் தற்காலிக நினைவகத்தில் மட்டும் எழுதப்பட்டு, மின்னை நிறுத்தியதும் மறைகிறது. பெட்டியின் நிலையான சேமிப்பகமோ பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறந்து மாற்றினாலும், மையம் தன் பொது அமைப்பை அனுப்பி நம்முடையதை அழித்துவிடலாம். எனவே ஓர் அமைப்பு நிலைக்க வேண்டுமாயின் அது மையத்திலேயே பதியப்பட வேண்டும்: பயனரின் பெயரிலுள்ள கணக்கில், அன்றேல் எல்லார்க்குமான பொது அமைப்பில்.

இதனைக் கொடுங்கோன்மை எனத் தூற்றுதல் எளிது, நியாயமாகாது. எனக்கு முன் அமர்ந்தவர் செய்த குழப்பம் என்னைத் தொடராமையும், என் கடிதத்தைப் பின்வந்தவர் காணாமையும் இம்மறதியின் பயன்களே. ஜோன் லொக் 1694 இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அதிகாரத்தில், ஆளின் அடையாளத்தைப் பிரக்ஞையோடும் நினைவோடும் பிணைத்தார். அம்முனையத்துக்கு நினைவில்லை, வாரந்தோறும் நான் அதற்குப் புதியவன்.

ஆயினும் மலையகத்தானுக்கு இதில் வேறொன்றும் புலப்படும். தலைமுறை பல வாழ்ந்த லயத்திலும், ஒரு சுவரை நகர்த்தத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில், கொழும்பில் எழுதப்பட்ட ஒரு வரையறை, இங்கு பிறந்து உழைத்தோரையும் நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருப்பே வாய்த்தது. முனையத்தை மனிதனோடு ஒப்பிடல் மிகையென்பார் உளர். ஒருபுடை ஒப்புமையாகவே கொள்க.

பொது அமைப்பை எழுதுவோர் யாரைக் கேட்டு எழுதுகின்றனர்? 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இருந்தும் தமிழ் வழங்கும் ஊரில் பத்து முனையங்களும் நாள்தோறும் ஆங்கிலத்திலேயே விழித்தன. எவரும் தீமை கருதவில்லை. எம்மை எவரும் கேட்கவுமில்லை.

பொறுப்பாளரிடம் முறையிட்டேன். "தம்பி, உம்முடைய பெயரில் ஒரு கணக்குத் திறந்து தரலாம். அதில் தமிழ் நிலைக்கும்" என்றார், அன்போடு. ஏற்கத் தயங்கினேன். அருகிலிருந்த சிறுமி அப்போதுதான் தமிழெழுத்தைத் திரையில் தேடிக்கொண்டிருந்தாள். பொது அமைப்பிலேயே தமிழைச் சேர்க்குமாறு மையத்துக்கு எழுத வேண்டினேன். கடிதத்தை என்னையே தட்டச்சுச் செய்யப் பணித்தார். தொடங்குமுன் சாவிப்பலகையைத் தமிழுக்கு மாற்றினேன்.