வடிகட்டாத தானம்

இல்லறத்தார்க்குரிய அறங்களுள் தானத்திற்குத் தனியிடம் உண்டு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களின் பெயர்களை நம் இல்லத்துப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்கு முன்பே கற்றுவிடுகின்றனர். ஆயின், நல்லெண்ணத்தோடு செய்த தானம் ஒன்று தீங்காய் முடியுமானால் அத்தீங்கு யாரைச் சாரும்? கொடுத்தவர் ஏதுமறியாக் குழந்தையாயின் அக்குழந்தைக்கு என்ன விடை கூறுவது? இவ்வினா எம்மை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. இது நூலில் கண்ட வினா அன்று. எம் இல்லத்தில் எழுந்த வினா.

1981ஆம் ஆண்டு. வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் யாம் ஆசிரியப் பணி ஆற்றிவந்தோம். ஞாயிறுதோறும் ஜினாலயத்து மண்டபத்தில் சிறுவர்க்கு அறநெறி வகுப்பும் நடத்துவதுண்டு. ஒருநாள் ஆகார தானத்தைப் பற்றிக் கூறும்போது, "நீங்கள் உண்பதற்கு முன் நாள்தோறும் ஓர் உயிருக்கேனும் உணவு கொடுங்கள்; எறும்பாயினும் சரி, பறவையாயினும் சரி" என்று சொல்லி வகுப்பை முடித்தோம். பிள்ளைகள் மகிழ்ந்து கலைந்தனர். அவர்களுள் எம் தமையனாரின் ஏழு வயது மகளும் ஒருத்தி.

அது ஆடிப்பட்டம். குருத்து ஈ தாக்காதிருக்கும் பொருட்டுச் சோள விதையில் பூச்சி மருந்தைக் கலந்து, வீட்டுப் பின்கட்டில் நிழலில் உலர்த்தி வைத்திருந்தார் தமையனார். மறுநாள் விடியற்காலையில் குழந்தை எழுந்து, பல் துலக்கி, எவரையும் எழுப்பாமல் அவ்விதையை இரு கையாலும் அள்ளிச் சென்று முற்றத்தில் இறைத்தாள். புறாக்களும் சிட்டுக்குருவிகளும் வந்து பொறுக்கின. எம்மைக் கண்டதும் ஓடி வந்து, "அத்தை, ஓர் உயிருக்கு அன்று, நிறைய உயிர்களுக்குக் கொடுத்தேன்" என்றாள். அம்முகத்தில் இருந்த ஒளியை இன்றும் மறந்தோமில்லை.

வெயில் ஏறுவதற்குள் ஏழு புறாக்கள் முற்றத்திலும் கொல்லையிலும் மடிந்து கிடந்தன. குருவிகளை எண்ண எவருக்கும் மனம் வரவில்லை. அண்ணியார் பதறிக் குழந்தையின் கைகளைத் தேய்த்துக் கழுவி நீராட்டினார். அவள் கையை வாயில் வைக்காதிருந்தது எம் குடும்பத்தின் நல்வினை.

இரவில் விளக்கேற்றி உண்ணாத வீடு. எறும்பு ஊர்ந்த விறகைத் தட்டாமல் அடுப்பில் வைக்காத வீடு. அவ்வீட்டு முற்றத்தில் அத்தனை உயிர்கள்! அன்று மாலை அவள் எம் மடியில் அமர்ந்து, "எனக்குப் பாவம் சேர்ந்துவிட்டதா அத்தை?" என்று கேட்டாள். "இல்லையம்மா, நீ நல்ல எண்ணத்தோடுதானே செய்தாய்? உனக்கு ஒரு பாவமும் இல்லை" என்று யாம் உடனே விடை கூறினோம்.

அவ்விடை அவளைத் தேற்றவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். வாயிலில் பசியென்று வந்தவர்க்குச் சோறிடச் சொன்னால் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். ஜினாலயத்தில் பகவானின் திருமுன் அரிசி படைக்கும்போதும், "இதில் ஒன்றும் கலக்கவில்லையே அத்தை?" என்று கேட்பாள். மடிந்த பறவைகளோடு ஒரு குழந்தையின் கொடுக்கும் கையும் மடிந்துபோயிற்றோ என்று அஞ்சினோம். தீங்கின் பெரும்பகுதி அதுவே என்று எமக்குத் தோன்றிற்று.

எம் விடையில் குறை எங்கே இருந்தது? எண்ணமே வினைக்கு வேர் என்பது நம் சமயத்தின் துணிபு. யசோதர காவியத்தை அறியாதார் நம்மில் இலர். மாவினால் செய்த கோழியைத்தான் மன்னன் பலியிட்டான். ஓர் உயிரும் அங்கு வதைபடவில்லை. ஆயினும் கொலை எண்ணம் கலந்திருந்தமையால் அவனும் அவன் தாயும் மயிலும் நாயுமாய்த் தொடங்கி விலங்குப் பிறவிகளில் உழன்றனர். தீய எண்ணம் உயிர்க்கொலை இன்றியே வினையைச் சேர்க்கும் என்பது இதனால் தெளிவாகும். ஆனால் இதனைத் திருப்பிப் போட்டு, "நல்ல எண்ணம் இருந்தால் போதும், பிறகு எது நிகழ்ந்தாலும் எனக்குப் பொறுப்பில்லை" என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும் இடத்தில் கவனமின்மையை, அஃதாவது பிரமாதத்தை, முன்வைக்கிறது. பிரமாதத்தின் வயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தலே இம்சையாகும். பொன்னூர் மலையில் நாம் யாருடைய திருவடிகளை வணங்குகிறோமோ அந்தக் குந்தகுந்த ஆசாரியரும் இக்கருத்தையே வலியுறுத்தினார். கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை உண்டு; விழிப்போடு நடப்பவனுக்கு, அவனையும் மீறி நேர்ந்த ஊறு மட்டும் பந்தம் ஆவதில்லை. எண்ணம், விளைவு என்னும் இரண்டை மட்டுமே வைத்து நாம் வழக்காடுகிறோம். ஆசாரியர்களோ இரண்டிற்கும் இடையே விழிப்பு என்னும் மூன்றாவதை நிறுத்தினார்கள்.

இம்மூன்றாவதைக் கொண்டு நோக்கியபோது எமக்கு உண்மை விளங்கிற்று. ஏழு வயதுக் குழந்தைக்கு விதைமருந்தை அறியும் வாய்ப்பு இல்லை. ஆகவே பிரமாதம் அவளுடையதன்று. அது எங்கள் இருவருடையது. நஞ்சு கலந்த தானியத்தைக் குழந்தையின் கை எட்டும் இடத்தில் வைத்தவர் தமையனார். கொடு என்று கற்பித்து, கேட்டுக் கொடு என்று கற்பிக்காமல் விட்டவர் யாம். தானத்தின் சிறப்பு விதி, பொருள், கொடுப்போர், கொள்வோர் ஆகிய நான்கினாலும் அமைவது என்று அதே சூத்திரம் கூறுகிறது. இந்நான்கனுள் கொடுப்போர் மனத்தை மட்டுமே யாம் வகுப்பில் எடுத்துரைத்தோம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், பாடக்குறிப்பின் இறுதிப்படி 'பயன்பாடு' என்று எமக்குக் கற்பித்திருந்தனர். கற்றதை மாணவர் எங்கே, எவ்வாறு செயற்படுத்துவர் என்பதை ஆசிரியர் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறநெறி வகுப்புக்குப் பாடக்குறிப்பு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இத்தகைய பிழை ஒரு வீட்டின் முற்றத்தோடு நிற்பதன்று. நாடளவிலும் நிகழ்ந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டு ஈராக் நாட்டு அரசு, பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையை வெளிநாட்டிலிருந்து வருவித்து உழவர்களுக்கு வழங்கியது. அது வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்திருந்தது. மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மருந்தின் அடையாளமாக ஏற்றியிருந்த நிறத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் நீங்கிவிடும் என்று எண்ணிச் சிலர் கழுவினர்; நிறம் போயிற்று, நஞ்சு போகவில்லை. அதனை அரைத்து ரொட்டி சுட்டு உண்டதால் 6,000க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு மட்டும் 459 பேர் மாண்டனர். உழவர்க்கு உதவவே அவ்விதை தரப்பட்டது. கொடுத்தது எவர் கையைச் சேரும், அவர் அதனை என் செய்வார், அவருக்குப் புரியும் மொழியில் சொன்னோமா என்னும் கவனமே அங்கு இல்லை. பின்கட்டில் உலர்ந்த எம் சோளத்திற்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

அடுத்து வந்த சதுர்த்தசியன்று தமையனாரும் யாமும் உபவாசம் இருந்தோம். குழந்தை காரணம் கேட்டாள். "பிழை செய்தவர்கள் நாங்கள், அதற்காக நாங்கள் நோன்பிருக்கிறோம்" என்று தமையனார் அவளிடம் வெளிப்படையாகக் கூறினார். "உனக்குப் பாவம் இல்லை" என்ற எம் சொல் தராத ஆறுதலை அச்சொல் தந்தது. நடந்தது தீங்கே, அதற்குப் பொறுப்பேற்கப் பெரியவர்கள் இருக்கின்றனர் என்பது அவளுக்கு விளங்கிற்று.

மறுநாள் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, துணியில் நீர் வடிகட்டுவதைக் காட்டினோம். நாள்தோறும் அவள் கண்டதுதான். "ஏன் வடிகட்டுகிறோம்?" என்றோம். "சின்ன உயிர்கள் சாகக்கூடாது என்று" என்றாள். "வடிகட்டிய பின் துணியை என் செய்கிறோம்?" என்றோம். "அலசி அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே விடுகிறோம்" என்றாள். "கொடுப்பதும் அப்படித்தான். முதலில் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் கேட்க வேண்டும், கொடுத்த பின்னும் போய்ப் பார்க்க வேண்டும்" என்றோம். அன்று முதல் பறவைகளுக்கு இடும் கம்பை முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, அண்ணியாரிடம் காட்டிவிட்டு இறைப்பது அவள் வேலையாயிற்று. இறைத்த பிறகு திண்ணையில் அமர்ந்து பறவைகள் பறந்து செல்லும்வரை பார்த்திருப்பாள். பின்கட்டில் விதை உலர்த்தும் வழக்கத்தைத் தமையனார் கைவிட்டு, பூட்டிய அறைக்கு மாற்றினார்.

தானம் தீங்காய் முடியவும் கூடும் என்பதற்காகக் கொடாமல் இருப்பது அறமாகாது. நீரில் உயிருண்டு என்று அறிந்த நம் முன்னோர் நீரையே விலக்கிவிடவில்லை, வடிகட்டக் கற்றுக்கொடுத்தனர். பருகும் நீரை வடிகட்டும் நாம், கொடுக்கும் தானத்தை வடிகட்டுகிறோமா? காலங்கடந்த மாத்திரைகளைத் தேதி பாராமல் ஔஷத தானம் என்று அளிக்கிறோம். பூசைப் பழங்களைப் பிளாஸ்டிக் பையோடு பசுவின் முன் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருகிறோம். நாம் ஏழு வயதுக் குழந்தைகள் அல்லோம். அறிய வாய்ப்பிருந்தும் அறிய முயலாதது அறியாமை ஆகாது, அது பிரமாதமே.

எம் தமையனாரின் மகள் இன்று இரு பிள்ளைகளின் தாய். சென்ற பொங்கலுக்கு அவள் இல்லம் சென்றிருந்தோம். காலையில் மொட்டை மாடியில் பறவைகளுக்கு இடுவதற்காக ஒரு கை தானியத்தை அள்ளினாள். அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், பின்னரே இறைத்தாள். எம் பக்கம் திரும்பவில்லை. அருகில் நின்ற அவள் இளைய மகனும் தன் சிறு கையில் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டு இறைத்தான்.